அன்பளிப்பு என்று எழுதாதீர்கள்: வெளிநாட்டுக்கு இணையத்தில் விற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புழுக்கொடியல், பனங்கட்டி, மிளகாய்த்தூள் என்று வட்ஸ்அப்பில் ஓடர் எடுத்து பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் பொதி அனுப்பும் வீடுகள் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றன. பொதி மறிக்கப்படுவது அங்குள்ள சுங்கத்தில். பிழை விடப்படுவதோ இங்கே, தபாற் கந்தோரில் படிவம் நிரப்பும்போது.

மிகக் கெடுதலான பிழை, காசுக்கு விற்றதை ‘அன்பளிப்பு’ என்று எழுதுவது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ, பிரித்தானியாவில் 39 பவுண் வரையான வரிச் சலுகை, தனியாள் தனியாளுக்குச் சும்மா அனுப்பும் பொருளுக்கே. ஒரே லேபல் ஒட்டிய பத்துப் பைக்கற்றைப் பார்த்தாலே விற்பனை என்று தெரிந்துவிடும். பிறகு வரியும் கையாளற் கட்டணமும் வாங்கியவர் தலையில் விழும். அவர் மறுத்தால் பொருளும் போச்சு, வாடிக்கையாளரும் போச்சு.

‘உணவுப்பொருள்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பதும் அப்படித்தான். பொருள், எடை, எண்ணிக்கை, விலை, ஆறிலக்கச் சுங்கக் குறியீடு எல்லாம் வேண்டும். தனி மிளகாயை அரைத்த தூளுக்கு 090422. மல்லி, பெருஞ்சீரகம் சேர்த்து இடித்த எங்கள் கறித்தூள் கலவை, அதற்கு 091091. இரண்டையும் பலர் மாற்றி எழுதுகிறார்கள்.

பழைய வரம்புகளை நம்பவேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையான பொருளுக்கு இருந்த வரிவிலக்கு 2021 ஜூலை 1 உடன் போய்விட்டது. இப்போது முதல் யூரோவிலிருந்தே பெறுமதிசேர் வரி உண்டு. 150 யூரோ வரையான பொதிக்கு அந்த வரியை விற்பவரே விலையோடு அறவிட்டுக் கட்ட ஒரு பதிவுமுறை உண்டு. இங்கிருந்து பதிய ஒன்றியத்துக்குள் ஓர் இடைத்தரகர் தேவை. சுவிசும் நோர்வேயும் ஒன்றியத்தில் இல்லை, அந்தப் பதிவு இலக்கம் அங்கே செல்லாது. அமெரிக்காவில் 800 டொலர் வரை இருந்த சுங்கவரி விலக்கும் 2025 ஓகஸ்ட் 29 இல் நிறுத்தப்பட்டது.

கருவாடு, நெய் போன்றவற்றைத் தூள் பைக்கற்றுகளுக்கு நடுவில் ஒளித்து வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அவற்றை விற்க, அங்கீகாரம் பெற்ற நிலையமும் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். பச்சை முருங்கையிலைக்குத் தாவர சுகாதாரச் சான்றிதழ்.

காசை ரொறன்ரோவில் உள்ள மருமகனின் கணக்கில் வாங்கி, உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்மூலம் கைமாற்றி, எடுப்பதும் பெரிய பிழை. விலைச்சிட்டையிலுள்ள பெயரும் வந்த தொகையும் பொருந்தாது. வங்கியில் கடன் கேட்டாலும், வருமானவரிக் கந்தோர் கேட்டாலும் காட்ட ஒரு தாளும் இராது. உங்கள் பெயரிலுள்ள கணக்குக்கே எடுங்கள். ஓடர் இலக்கத்தை விலைச்சிட்டையில் எழுதி, சுங்கப் படிவப் பிரதி, தபால் பற்றுச்சீட்டு, வங்கித் துண்டு மூன்றையும் அதோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.