லிவர் மாத்தினதுக்கப்புறம் ரிஜெக்‌ஷன வீட்ல இருந்தே கண்காணிக்கிறது எப்படி

ஆள் நல்லா சாப்பிடறாரு, வாக்கிங் போறாரு, கண்ணுல இருந்த மஞ்சளும் போயிடுச்சு, இன்னும் எதுக்கு மாசம் இத்தன தடவ பிளட் டெஸ்ட்டுன்னு வீட்ல ஒருத்தராவது கேப்பாங்க. ரிஜெக்‌ஷன் (புது லிவர உடம்பு வேத்து பொருளா நெனச்சு தாக்கறது) பெரும்பாலும் வெளிய ஒண்ணும் காட்டாது, காய்ச்சல், வலது பக்கம் வயித்து வலி, அரிப்பு, கட்டன் சாயா கலர்ல யூரின் இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே எல்எஃப்டிங்கற லிவர் பிளட் டெஸ்ட் ரிப்போர்ட்ல எஸ்ஜிபிடி, ஜிஜிடிங்கற லிவர் என்சைம் அளவு ஏற ஆரம்பிச்சிருக்கும். முதல் 3 மாசத்துல தான் இது அதிகம், அப்போ டெஸ்ட்ட தள்ளிப்போடவே போடாதீங்க.

எதிர்ப்பு சக்திய அடக்கி வைக்கற டேக்ரோலிமஸ் மாத்திரை ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பாக்கற லெவல் டெஸ்ட்ல தான் நிறைய பேர் சொதப்புறாங்க. காலைல 8, நைட்டு 8ன்னு மாத்திரை போடறவங்கன்னா டெஸ்ட் அன்னிக்கு காலை மாத்திரைய போடாம பாக்கெட்ல வெச்சுக்கிட்டு லேபுக்கு போங்க, ரத்தம் குடுத்ததும் அங்கயே போட்டுக்கலாம். போட்டுட்டு போனா லெவல் எக்கச்சக்கமா காட்டும், அத நம்பி டாக்டர் டோஸ கொறச்சிட்டா வேற வினையே வேணாம். கடைசி டோஸ் எத்தன மணிக்குன்னு லேப்ல கேக்கலன்னாலும் நீங்களே சொல்லி சீட்டுல எழுத வைங்க. மெடிக்கல்ல "அதே மருந்து தான் சார், கம்பெனி மட்டும் வேற"ன்னு குடுத்தா வாங்காதீங்க, டாக்டர்கிட்ட கேட்டுட்டு தான் மாத்தணும், மாத்தினா திரும்ப லெவல் பாக்கணும்.

வேற எந்த டாக்டர்கிட்ட போனாலும், பல் டாக்டரா இருந்தாலும் சரி, டிரான்ஸ்பிளான்ட் ஆனவருன்னு முதல்லயே சொல்லிடுங்க. டிபிக்கு குடுக்கற ரிஃபாம்பிசின், வலிப்புக்கு குடுக்கற ஃபெனிட்டாயின் ரெண்டும் லெவல கீழ இழுத்துடும், ரிஜெக்‌ஷனுக்கு அதுவே போதும். பூஞ்சைக்கு குடுக்கற ஃப்ளூகோனசோல், ஆன்டிபயாடிக் கிளாரித்ரோமைசின் ரெண்டும் லெவல மேல ஏத்தி கிட்னிய பதம் பாக்கும், பம்ப்ளிமாஸ் பழமும் அப்படித்தான்.

அப்புறம் இந்த கஷாயம். கபசுர குடிநீர்ல சீந்தில்ங்கற மூலிகை இருக்கு, எதிர்ப்பு சக்திய அடக்கி வைக்கத்தான் இத்தன மாத்திரையும், அதுக்கு மேல எதிர்ப்பு சக்திய கூட்டறேன்னு ஒண்ண குடிச்சா என்ன அர்த்தம்? சீந்தில் சாப்பிட்டு லிவர் பாதிச்ச கேஸ்கள மும்பை டாக்டருங்க 2021ல எழுதியே இருக்காங்க. சொந்தக்காரங்க கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும்.

மாத்திரை போட்டதும் வாந்தி வந்தா, இல்ல ஒரு வேளை மறந்துட்டா, நீங்களா டபுளா போடாதீங்க, ஆஸ்பத்திரி டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டருக்கு போன் பண்ணுங்க. பேதி ஆனாலும் சொல்லணும், பேதில டேக்ரோலிமஸ் லெவல் ஏறும்.

எல்எஃப்டி ஏறிட்டாலே ரிஜெக்‌ஷன் தான்னு அழ வேண்டாம். பித்தக்குழாய் அடைப்பு, ரத்தக்குழாய் பிரச்சன, இன்ஃபெக்‌ஷன் எதுவா வேணா இருக்கலாம், அதனால ஸ்கேன் பாப்பாங்க, சந்தேகம் இருந்தா ஊசி விட்டு லிவர்ல துளி சதை எடுத்து பயாப்ஸி பாப்பாங்க. ரிஜெக்‌ஷன்னு உறுதியானா வழக்கமா 3 நாள் மெத்தில்பிரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்ட டிரிப்ஸ்ல ஏத்துவாங்க, முக்கால்வாசி பேருக்கு அதுலயே அடங்கிடும். அந்த ஸ்டீராய்டுல சுகர் எகிறும், முன்ன சுகரே இல்லாதவங்களுக்கும் எகிறும், அதனால வீட்ல ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி வெச்சுக்கோங்க.