ஷிப்மென்ட் வாரத்து இடுப்பு வலி: நோட்டுப் போட்டுக் கண்டுபிடிப்பது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன்; ஆர்டர் கொடுக்கும் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று ஆர்டரை முடித்துக்கொடுக்கும் வேலை. மூட்டை தூக்கும் வேலை இல்லை. ஆனாலும் மாதக் கடைசியானால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நாற்காலியை மாற்றினேன், மெத்தையை மாற்றினேன், வலி மாறவில்லை. ஓவர்லாக் தையல் மெஷின் அடிக்கும் அக்கா ஒருவர் போகிற போக்கில் சொன்னார்: "ஷிப்மென்ட் போனாத்தானுங்க இந்த இடுப்பு விடும்." அன்றைக்குத்தான் நோட்டுப் போட்டேன்.

தொடங்கும் முன்

தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது, கால் பலமிழப்பது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, கீழே விழுந்து அடிபட்டது, முன்பு புற்றுநோய் வந்தது என்றாலும் முதலில் டாக்டர், பிறகுதான் நோட்டு.

படி 1: இரண்டு வாரம் எழுதுங்கள்

ராத்திரி படுக்கும் முன் அன்றைய நெருக்கடியையும், எழாமல் உட்கார்ந்த நேரத்தையும் எழுதுங்கள். காலையில் எழுந்ததும் தூங்கிய நேரத்தையும், வலிக்கு 0 முதல் 10-க்குள் ஒரு மதிப்பெண்ணையும் எழுதுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் எழுதினால், வலிக்குத் தகுந்தபடி நெருக்கடியைக் கூட்டியோ குறைத்தோ எழுதிவிடுவோம். நான் முதல் வாரம் அப்படித்தான் கெடுத்தேன்.

'டென்ஷன்' என்று மட்டும் எழுதினால் பின்னால் ஒன்றும் புரியாது. "லேப் டிப் அப்ரூவல் வரவில்லை, டையிங்கில் துணி நிற்கிறது" என்று நடந்ததை எழுதுங்கள். (லேப் டிப் என்பது நிறம் சரிதானா என்று பையருக்கு அனுப்பும் சாயத் துணி மாதிரி. அவர் சரி என்றால்தான் மொத்தத் துணிக்கும் சாயம் போடுவோம்.)

படி 2: படித்துப் பாருங்கள்

கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பும் நாளில்தான் வலி உச்சம் என்று நினைத்திருந்தேன். நோட்டில் அன்றைக்கு 4. அப்ரூவலுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்த நாட்களுக்கு அடுத்த காலைதான் 7. உட்கார்ந்த நேரம் எல்லா நாளும் ஏறக்குறைய ஒன்றுதான். பொறுப்பு நம் தலையில், முடிவு வேறொருவர் கையில் என்று இருக்கும்போது உடம்பு இறுகுகிறது.

அமெரிக்காவில் போயிங் விமானத் தொழிற்சாலையில் 3,020 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 1991-இல் வெளியானது. வேலை ஏறக்குறைய எப்போதுமே பிடிக்கவில்லை என்றவர்கள், ஏறக்குறைய எப்போதுமே பிடித்திருக்கிறது என்றவர்களைவிட 2.5 மடங்கு அதிகமாக முதுகுப் பிரச்சினையைப் புகார் செய்திருந்தார்கள்.

இதனால் வலி கற்பனை என்று ஆகிவிடாது. நெருக்கடியில் முதுகுத் தசை இறுகுகிறது, மூச்சு மேலோட்டமாகிறது. தூக்கம் கெட்டால் அதே வலி இன்னும் பெரிதாகத் தெரியும். பயந்து அசையாமல் இருந்தால் இடுப்பு மேலும் விறைக்கும். ஸ்கேனில் டிஸ்க் பிதுக்கம் என்று வந்தால் கலங்கிவிட வேண்டாம், வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கிறது.

படி 3: ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. வாரத்துக்கு ஒன்று போதும்.

பையர் போன் வந்தால் எழுந்து நின்று பேசுங்கள். வைத்ததும் தோளைத் தளர்த்தி ஐந்து மூச்சு, இழுப்பதைவிட விடுவது நீளமாக. பவர் டேபிளில் (தையல் மெஷின் வரிசையில்) இருப்பவர்கள் நினைத்தபோது எழ முடியாது, தெரியும். ஒரு பண்டில் (தைக்க வரும் துணிக்கட்டு) முடிந்து அடுத்தது வரும் இடைவெளியில் எழுந்து நில்லுங்கள். டீ டைமில் உட்கார வேண்டாம், நடங்கள். ஒன்றரை ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

வலி வந்தால் நாள் முழுக்கப் படுத்துவிடாதீர்கள், முடிந்த அளவு நடமாடுங்கள். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும், நானும் வைக்கிறேன்.

படி 4: நோட்டோடு போய்ப் பேசுங்கள்

"முடியலைங்க சார்" என்று போனால் ஒரு நாள் லீவு கிடைக்கும், அவ்வளவுதான். நான் மேனேஜரிடம் நோட்டைக் காட்டி, அப்ரூவலுக்குக் கெடு தேதி வைக்கவும், தாமதமானால் பையரிடம் அவரே பேசவும் கேட்டேன். முதலில் சிரித்தார். அப்புறம் இரண்டு ஆர்டருக்கு மட்டும் சரி என்றார். அந்த இரண்டு ஆர்டர் ஓடிய வாரங்களில் என் நோட்டில் 3-க்கு மேல் போகவில்லை. மூன்றாவது ஆர்டருக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.