அட்டாலில கெடந்த மை பேனாவை மறுக்கா எழுத வெக்கறது எப்படி

போன மாசம் அட்டாலிய (பரணை) ஒழிச்சப்ப எங்க அப்புச்சியோட கருப்பு எபனைட் (கெட்டி ரப்பர்) பேனா சிக்குச்சுங்க, சொட்டு பில்லர்ல மை ஊத்தற பழைய ரகம். உள்ள மை காஞ்சு பொறுக்கு தட்டி கழுத்து, அதாவது நிப்பு சொருகியிருக்கற பகுதி, இறுகிக் கெடக்குது, கழுத்துல பல்லுத்தடம் வேற, அப்பெல்லாம் தொறக்க வல்லைன்னா பல்லால கடிச்சுத்தான திருகுவாங்க. நீங்க பல்லும் வெக்காதீங்க, குறடும் வெக்காதீங்க.

மொதல்ல பச்சத்தண்ணி. நிப்பும் கழுத்தும் முங்கற அளவுக்கு டம்ளர்ல ஊத்தி ராத்திரி வெச்சு காலைல தண்ணிய மாத்துங்க, எனக்கு மூணு நாளாச்சு, மூணாம் நாளும் தண்ணி நீலமாத்தான் இருந்துச்சு. அவசரத்துக்கு கொதிக்கற தண்ணில போட்டா கருப்பு எபனைட் பழுப்பா வெளுத்துரும், ரப்பர்ல கந்தகம் சேத்து வேக வெச்சதுதான் அது, வெயிலும் ஆவாது. ஊறுனதும் பழைய சைக்கிள் டியூப்ல ரெண்டு துண்டு வெட்டி கழுத்துல ஒண்ணு, மை ஊத்தற பேரல்ல ஒண்ணு சுத்திப் புடிச்சு திருகுங்க, வழுக்காது.

நிப்பையும் அடியில இருக்கற நாக்கையும் சேத்துப் புடிச்சு நேரா இழுக்கோணும். நாக்குல இருக்கற காடி வழியாத்தான் மை எறங்கி காத்து உள்ள போகுது, அதை டூத் பிரஷ்லயும் ரெண்டு சொட்டு சோப்புத்தண்ணிலயும் தேச்சுருங்க. நிப்போட கீறல்ல பிளேடு விட்டு ஆட்டற பழக்கம் நமக்கு பள்ளிக்கூடத்துலயே ஒட்டிக்கிச்சு, பாதி நிப்பு கெட்டதே அதுலதான். லென்ஸ் வெச்சுப் பாத்து ஒரு முனை தூக்கியிருந்தா நகத்தால அமுத்துங்க, போதும்.

நிப்பு மாத்தோணும்னா பழசோட நீளத்தையும் நாக்கோட தடிமனையும் அளந்துட்டு தேடுங்க. நிப்புக்கு பேரு போன ஊரு சாத்தூரு, எபனைட் பேனா கடையறது திருவள்ளூர்ல ரங்கா, மெட்ராஸ் போனா பாரிமுனைல ஜெம் அண்ட் கோ. புது நிப்பு நாக்கோட ஒட்டி உக்காரலைன்னா நாக்கை மட்டும் சுடுதண்ணில அரை நிமிசம் வெச்சு நிப்போட சேத்து அமுத்துங்க, இது ஒண்ணுக்கு மட்டும் சூடு உதவும்.

எனக்கு கழுத்துலயே விரிசல். அதுக்கு ஸ்பேர் எங்கயும் கெடைக்கல, ஆனா பம்புக்கும் மோட்டாருக்கும் கடைசல் போடற கோயமுத்தூர்ல இருந்துட்டு நாம எதுக்குங்க கவலைப்படறது, எபனைட் ராடு ஒரு துண்டு ஆன்லைன்ல வாங்கி கணபதில ஒரு லேத்துக்கு எடுத்துட்டுப் போனேன். "ஏனுங் தம்பி, பேனாவுக்கா மரை போடச் சொல்றீங்க?"ன்னு அண்ணன் சிரிச்சாரு, அப்பறம் பழைய மரைல, மரை இடைவெளிய அளக்கற பிட்ச் கேஜை ஒவ்வொண்ணா வெச்சுப் பாத்துட்டு அரை மணி நேரத்துல கடைஞ்சு குடுத்துட்டாரு. பேரலையும் கையோட எடுத்துட்டுப் போங்க, மரை சேருதான்னு அங்கயே பாத்துக்கோணும்.

உள்ள ரப்பர் பை இருக்கற பேனான்னா பை நம்பர் பாத்து வாங்குங்க, 16 நம்பர்னா கால் இன்ச், அது சுத்தளவு இல்ல, குறுக்களவு. ஒட்டறதுக்கு ஸ்பிரிட்ல கரைச்ச அரக்குதான், பெவிக்விக் போட்டா அடுத்த தடவை கழட்டவே முடியாது. பைக்கு பதிலா சைக்கிள் வால்வு டியூப்ப மாட்டிப் பாத்தேன், சிறுசா இருக்குது, சரிப்படல.

கடைசியா மரைல துளி சிலிக்கான் கிரீஸ், அப்பறம் கேமல் ராயல் ப்ளூ, டிராயிங் இங்க் மட்டும் வேண்டாம். மை மூணுல ஒரு பங்குக்கு வந்தா ரொப்பிருங்க, காலி எடத்துல இருக்கற காத்து கைச்சூட்டுல விரிஞ்சு மைய கக்கிரும், என்ற வெள்ளைச் சட்டை ஒண்ணு அதுலதான் போச்சு.