ஆற்றுப் பாலத்தை அகலப்படுத்துவது எப்படி?

பக்கத்திலேயே இன்னொரு பாலம் கட்டி ஒட்டிவிட்டால் போதாதா என்றுதான் முதலில் தோன்றும். கட்டுவதில் பெரிய சிக்கல் இல்லை, ஒட்டுவதில்தான் இருக்கிறது. பழைய பாலம் பல வருடம் பாரம் சுமந்து, இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி நிற்கிறது. புதியது இனிமேல்தான் அதையெல்லாம் செய்யும்.

எனவே பழையதிலிருந்து தொடங்குங்கள். வரைபடம் கிடைத்தாலும் அதை மட்டும் நம்பாமல் கான்கிரீட்டில் கோர் (துளைத்தெடுக்கும் உருளைத் துண்டு) எடுத்துச் சோதியுங்கள், கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். தூணின் அடியை ஆள் இறக்கித்தான் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் தூணைச் சுற்றி மண் அரித்துப் பள்ளமாகும், வெள்ளம் வடியும்போது அதே பள்ளத்தில் வண்டல் வந்து மூடிக்கொள்ளும். பார்வைக்குப் படுகை சமமாகத்தான் இருக்கும், கம்பியால் குத்தினால் சரசரவென்று உள்ளே போகும்.

புதிய தூண்கள் நீரோட்டத் திசையில் பழைய தூண்களுக்கு நேராக வரட்டும். மாற்றி வைத்தால் நீர்வழி குறுகி அரிப்பு கூடும். கண்களின் நீளம் (தூணுக்குத் தூண் உள்ள தூரம்), கர்டரின் (தளத்தைத் தாங்கும் உத்திரத்தின்) விறைப்பு, வெப்பத்தில் தளம் நீண்டு சுருங்க இடம்விடும் விரிவு இணைப்புகள் எல்லாம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். மழைநீர் வடியத் தளத்துக்குக் கொடுத்த பக்கச் சரிவை அப்படியே வெளிப்பக்கம் நீட்டினால் ஓரக் கர்டர் தாழும் என்பதால் வெள்ள மட்டத்துக்கு மேல் போதிய இடைவெளி மிஞ்சுகிறதா என்றும் பாருங்கள், இதைப் பலர் கவனிப்பதில்லை.

அப்புறம் இணைப்பு. இரண்டு தளங்களுக்கும் நடுவே ஒரு பட்டையை விட்டுவைத்து, கடைசியில்தான் அதில் கான்கிரீட் போட வேண்டும். அகலத்தைக் கம்பிதான் முடிவு செய்யும்: இரண்டு தளங்களிலிருந்தும் நீளும் 16 மி.மீ. கம்பிகளை விட்டத்தைப்போல் 50 மடங்கு நீளத்துக்கு ஒன்றோடொன்று மேற்படியவிட்டால் 800 மி.மீ. ஆகிவிடும். பழைய தள ஓரத்தை பிரேக்கரால் உடைத்தால் மிஞ்சும் கான்கிரீட்டிலும் நுண்விரிசல் விழும்; உயர் அழுத்தத் தண்ணீரால் அரித்தெடுத்தால் கம்பி சேதமில்லாமல் வெளியே வரும், செலவு கூடினாலும் என் ஓட்டு அதற்குத்தான். புதிய தளம் போட்ட கையோடு பட்டையை மூடாதீர்கள், சுருக்கத்தின் பெரும்பகுதி முடியட்டும். மூடும்போது பக்கத்துத் தடத்தில் லாரி ஓடினால் பழைய தளம் ஆடும், அதிலிருந்து நீளும் கம்பிகளும் ஈரக் கான்கிரீட்டுக்குள் ஆடி, பிடிப்பு குறைந்துவிடலாம். கான்கிரீட் இறுகும்வரை கனரக வண்டிகளை நிறுத்துங்கள், முடிந்தால் பாலத்தையே மூடுங்கள்.

வேலைக்காக ஆற்றுக்குள் கொட்டிய மண்ணை மழைக்காலத்துக்கு முன்பே அள்ளிவிட வேண்டும், கொஞ்சம் மிஞ்சினாலும் வெள்ளம் ஏதாவது ஒரு தூணின் பக்கம் திரும்பிவிடலாம்.