சிப்போலாவின் கட்டத்தில் ஒரு செயலை வைத்துப் பார்ப்பது எப்படி?

இத்தாலியின் பாவியா நகரில் பிறந்த பொருளாதார வரலாற்றாசிரியர் கார்லோ சிப்போலா, மனித மூடத்தனத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து 1976-இல் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். விளையாட்டாக எழுதியதுதான், ஆயினும் அதிலுள்ள வரைபடத்தைக் கணக்கு நோட்டிலேயே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் கூட்டல் குறி போல இரு கோடுகள் வரைந்துகொள்ள வேண்டும். கிடைக்கோட்டில் செய்தவருக்கு வலப்புறம் லாபம், இடப்புறம் நட்டம். நிமிர்கோட்டில் பிறருக்கு மேலே லாபம், கீழே நட்டம். வலது மேல் அறை இருவரும் பயனடையச் செய்யும் அறிவாளிக்கு. இடது மேல் அறை தன் கையைச் சுட்டுக்கொண்டு பிறருக்குப் பயன்படும் அப்பாவிக்கு. வலது கீழ் அறை கொள்ளைக்காரருக்கு. எஞ்சிய இடது கீழ் அறை மூடருடையது: தானும் தின்னாமல் மாட்டையும் தின்னவிடாத வைக்கோற்போர் நாயின் இடம்.

புள்ளி வைப்பதில்தான் பலரும் தவறுவர். பிறருடைய லாப நட்டத்தைப் பிறருடைய அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்பது சிப்போலாவின் நிபந்தனை. கல்யாண வீட்டில் விடிய விடிய ஒலிபெருக்கி வைப்பவர் ஊருக்கே இசை வழங்கியதாக நினைக்கலாம். மறுநாள் தேர்வெழுதப் போகும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேட்டே அந்த எண்ணை எழுத வேண்டும். அதுபோலவே, மனமகிழ்ந்து கொடுப்பவரை அவசரப்பட்டு அப்பாவி அறையில் தள்ளக் கூடாது. அவருடைய அளவுகோலில் அது நட்டமே அன்று.

அடுத்து, கொள்ளைக்காரர் அறையை மட்டும் மூலைவிட்டமாக ஒரு கோட்டால் பிரிக்க வேண்டும். நூறு ரூபாயைப் பிக்பாக்கெட் அடித்தவர் கோட்டின் மேலேயே நிற்கிறார். சமூகத்தின் செல்வம் கூடவுமில்லை, குறையவுமில்லை, பை மட்டும் மாறியிருக்கிறது. சில நூறு ரூபாய்ச் செம்புக்காகக் கம்பியை அறுத்து ஊரையே இருளில் தள்ளுபவரோ கோட்டுக்குக் கீழே, மூடரின் எல்லையை ஒட்டி வந்துவிடுகிறார்.

மூடர் அறையில் புள்ளி வைக்கையில் படிப்பையும் பதவியையும் பார்க்கக் கூடாது. மூடராக இருக்கும் வாய்ப்பு ஒருவரின் வேறெந்தத் தன்மையையும் சார்ந்ததன்று என்பது இரண்டாம் விதி. நோபல் பரிசாளருக்கும் அதில் விலக்கில்லை என்றவர், தாமே அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். கொள்ளைக்காரரின் அடுத்த அடியை அவருடைய லாபத்தை வைத்து ஊகித்துக் கதவைப் பூட்டலாம். மூடரிடம் லாபக் கணக்கே இல்லாததால் எந்தக் கதவைப் பூட்டுவதென்று தெரியாது. மூடரே யாவரினும் ஆபத்தானவர் என்ற ஐந்தாம் விதி இப்படித்தான் விளங்குகிறது.

கடைசியாக, சென்ற வாரம் நாமே செய்த பத்துச் செயல்களை வேறு நிற மையால் குறிக்க வேண்டும். நிமிர்கோட்டின் எண்களை வீட்டாரிடம் விட்டுவிடுவது நல்லது.