உமிச்சாம்பல் சும்மா கிடப்பதற்கும் வாடகை உண்டு

காரைக்குடிக்கு அருகே புதுவயல் பக்கம் ரைஸ்மில் வைத்திருப்பவர்களிடம் உமிச்சாம்பலுக்கு என்ன செலவாகிறது என்று கேட்டால், "அது பாட்டுக்கு மூலையில கிடக்கு, அதுக்கென்ன செலவு" என்பார்கள். அந்த மூலைக்குத்தான் செலவு.

முதலில் அளவைப் பிடியுங்கள். நெல்லில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி, அந்த உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். ஒரு நாளைக்கு 20 டன் நெல் அரைத்து, உமி முழுவதையும் உங்கள் பாய்லரிலேயே போட்டால் 800 கிலோ சாம்பல், மாதம் 25 நாள் ஓட்டினால் 20 டன். எடையை விட இடம்தான் பிரச்சினை. கன மீட்டருக்கு 300 கிலோ என்று வைத்தாலே 65 கன மீட்டரைத் தாண்டுகிறது, நெல் காயப்போட வேண்டிய களத்தில் ஒரு பகுதியைச் சாம்பல் பிடித்துக்கொள்ளும்.

அந்த இடத்துக்கு மாத வாடகை 6,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். டன்னுக்கு மாதம் 300. விலை ஏறட்டும் என்று மூன்று மாதம் வைத்திருந்தால் டன்னுக்கு 900 போய்விட்டது, சாம்பல் பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கிற கூலி தனி. அந்த அளவுக்கு விலை ஏறாது என்று தெரிந்தால் இன்றே விற்றுத் தள்ளிவிடுங்கள். செங்கல் சூளைக்காரர் "லாரி வாடகையில் டன்னுக்கு 200 நீங்க போடுங்க" என்று கேட்டாலும், மூன்று மாதம் வைத்திருப்பதை விட அது லாபம்தான்.

தெளிப்பதிலும் கணக்கு இருக்கிறது. தெளிக்காவிட்டால் ஆடிக்காற்றில் சாம்பல் ஊருணி வரை போகும், ஊர்க்காரர்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அதிகம் தெளித்தால் 10 டன் லோடில் 3 டன் தண்ணீர், அதற்கும் வாடகை கொடுக்கிறீர்கள், வாங்குபவர் அதைக் கழித்துத்தான் காசு தருவார். மேல்பரப்பு மட்டும் நனைந்தால் போதும், பிறகு தார்ப்பாய் போட்டு மூடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் குவியலை முடிந்தவரை காலி செய்துவிடுவது நல்லது.

அப்புறம் நிறம். வெளுத்த சாம்பலில் சிலிக்கா அதிகம், கரி குறைவு, சிமெண்ட் கலவைக்கும் இரும்பு ஆலைக்கும் கேட்பார்கள். கறுப்பு என்றால் உமி சரியாக எரியவில்லை, அதாவது விலையும் குறைவு, பாய்லரில் எரிபொருளும் வீண். இரண்டையும் ஒரே குவியலில் கொட்டினால் மொத்தத்துக்கும் கறுப்பு விலைதான்.

ஜெனரேட்டரின் பழைய ஆயிலை மட்டும் அந்தக் குவியலில் ஊற்றிவிடாதீர்கள். மத்திய அரசின் 2016 கழிவு மேலாண்மை விதிகளில் அது அபாயகரக் கழிவு, பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, உரிமம் உள்ள மறுசுழற்சிக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும். ஊற்றினால் விற்கக்கூடிய 20 டன் சாம்பல், காசு கொடுத்து அகற்ற வேண்டிய 20 டன் கழிவாகிவிடும். மூடியுள்ள பீப்பாயில் ஊற்றி, சிமெண்ட் தரையில் கூரைக்குக் கீழே வைத்து, ஊற்றத் தொடங்கிய தேதியை மேலே பெயிண்டில் எழுதுங்கள்.