பதிப்புரிமை நீங்கிய பழைய அறிவியல் நூல்களையும் அறிபுனைகளையும் தேடிப் பெறும் முறை

மாணவர்களுக்குப் படித்துக் காட்டவோ, படியெடுத்துக் கொடுக்கவோ, தமிழில் பெயர்த்து வெளியிடவோ நல்ல அறிவியல் நூலோ அறிபுனையோ (அறிவியல் புனைகதையோ) வேண்டும் என்று விரும்பும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆசிரியர்களும் நூலக வாசகர் வட்டத்தினரும் முதலில் தேட வேண்டியது நூலின் பெயரை அன்று. அதை எழுதியவர் மறைந்த ஆண்டை. அந்த ஓர் ஆண்டு தெரிந்துவிட்டால் எந்த நூலைத் தயக்கமின்றி எடுத்தாளலாம், எதை நூலகத்தில் அமர்ந்து படிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியரின் வாழ்நாளில் வெளியான நூலுக்கு அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். ஆங்கில அறிபுனை எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1946-இல் மறைந்தார். ஆகவே 1895-இல் வெளிவந்த அவருடைய கால இயந்திரக் கதையும் 1898-இல் வெளிவந்த செவ்வாய்க் கோளினரின் படையெடுப்புக் கதையும் 2006 முடிவோடு இங்கே உரிமை நீங்கியவை ஆயின. 1905-இல் மறைந்த பிரெஞ்சு அறிபுனை எழுத்தாளர் ழூல் வேர்ண் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை. நம் மண்ணுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்றையும் பார்க்கலாம். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த காலத்தில், 1916-இல் சேலத்தில் தமிழ்க் கலைச்சொற்களுக்காகவே ஒரு சங்கம் அமைத்தவர். பின்னாளில் வேதியியலை எளிய தமிழில் சொல்லும் 'திண்ணை ரசாயனம்' நூலையும் எழுதினார். அவர் மறைந்தது 1972-இல் என்பதால் காலக் கணக்கின்படி உரிமை 2032 இறுதிவரை நீடிக்கிறது. நூல் பழையது என்பதாலேயே அது எல்லோருக்கும் பொதுவாகிவிடாது.

தமிழ்நாட்டுக்கு மட்டும் இன்னொரு வழி இருக்கிறது. தமிழக அரசு எழுத்தாளர்களின் மரபுரிமையருக்குப் பரிவுத்தொகை அளித்து நூல்களை நாட்டுடைமை ஆக்கிவருகிறது. அவ்வாறு ஆக்கப்பட்டவற்றை 60 ஆண்டுகள் முடியும்வரை காத்திராமல் எவரும் பதிப்பிக்கலாம். எனவே இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மறைந்த தமிழ் அறிவியல் எழுத்தாளர் எவரையும் எடுப்பதற்கு முன், நாட்டுடைமைப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது கட்டாயம்.

மொழிபெயர்ப்பில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மூல நூலுக்கு ஓர் உரிமை, மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை. ஜகதீச சந்திர போஸ் 1896-இல் வங்காளத்தில் எழுதிய, ஒரு புட்டித் தலைத்தைலம் புயலை அடக்கும் கதை இந்திய அறிபுனையின் தொடக்கங்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. போஸ் மறைந்தது 1937-இல் என்பதால் வங்காள மூலம் உரிமை நீங்கியது. ஆனால் நம் காலத்தவர் செய்த ஆங்கில ஆக்கத்தை எடுத்துத் தமிழில் பெயர்த்தால், அந்த மொழிபெயர்ப்பாளரின் இசைவைப் பெற்றாக வேண்டும். இரண்டு உரிமைகளும் ஒருங்கே நீங்கிய அரிய தமிழ் நூலும் உண்டு. மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட பிராங்கன்ஸ்டைன் கதையைப் புதுமைப்பித்தன் 'பிரேத மனிதன்' என்ற பெயரில் தமிழாக்கினார். ஷெல்லி 1851-இல் மறைந்தார், புதுமைப்பித்தன் 1948-இல் மறைந்தார். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அறிபுனையை அறிமுகப்படுத்த விரும்புவோர் இதிலிருந்தே தொடங்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

இனித் தேடும் இடங்களைப் பார்ப்போம். ஆங்கில நூல்களுக்கு 1971-இல் தொடங்கிய புராஜெக்ட் குட்டன்பெர்க் தளமே முதல் நிலையம். அங்கே அறிபுனைக்கென்று தனி அடுக்கே இருக்கிறது. அதன் நூல்கள் பக்கப் படங்களாக இல்லாமல் எழுத்துகளாகவே மாற்றித் திருத்தப்பட்டவை என்பதால், படங்கள் இல்லாத மின்னூலாக இறக்கினால் ஒரு முழு நாவலே சில நூறு கிலோபைட்டில் அடங்கிவிடும். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி போன்ற மலைப்பகுதிகளில் சிக்னல் விட்டுவிட்டுக் கிடைக்கும் இடங்களுக்கு இந்த வடிவமே ஏற்றது. ஒருவர் நகரத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் கைப்பேசிக்குக் கைப்பேசி அனுப்பிக்கொள்ளலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் கிடைப்பவை பெரும்பாலும் பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டவை. கோப்பு பெரிதாக இருக்கும், ஆனால் பழைய அச்சை உள்ளது உள்ளபடி காணலாம். அதிலும் நவீன நூல்கள் கலந்திருப்பதால், தளத்தில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து உரிமை நீங்கியது என்று முடிவு செய்துவிடக் கூடாது. குட்டன்பெர்க்கும் அமெரிக்கச் சட்டத்தைப் பின்பற்றுவதே. அங்கே பழைய நூல்களுக்கு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள் என்பது பொதுவான கணக்கு. அதனால் அங்கே இலவசமாகக் கிடைக்கும் நூலை இங்கே அச்சிடுவதற்கு முன் ஆசிரியரின் மறைவாண்டை நம் கணக்கில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், தமிழ் விக்கிமூலம், ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்னும் தளம் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். விக்கிமூலத்தில் பக்க எண்களின் நிறத்தைக் கவனியுங்கள்: சிவப்பு என்றால் மெய்ப்பு பார்க்கப்படவில்லை, மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்திருக்கிறார், பச்சை என்றால் இன்னொருவரும் சரிபார்த்திருக்கிறார். சிவப்புப் பக்கத்திலிருந்து ஒரு வாய்பாட்டையோ எண்ணையோ நேரடியாக எடுத்து வகுப்பில் எழுதிப் போடுவது கூடாது.

பழைய நூல் தேடலில் அகப்படாமல் போவதற்குப் பெரும்பாலும் இன்றைய சொல்லால் தேடுவதே காரணம். இயற்பியல் என்று தேடினால் வராத நூல் பௌதிகம் என்றால் வரும்; வேதியியலுக்கு ரசாயனம், இரசாயனம், வானியலுக்கு வானசாஸ்திரம், பொதுவாக அறிவியலுக்குச் சாஸ்திரம், விஞ்ஞானம் என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1875-இல் வெளியிட்ட வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. அந்தப் பெயர் தெரியாதவருக்கு அந்நூல் இல்லாததுபோலவே ஆகிவிடும். ஆர்க்கைவ் தளத்தில் தமிழ் நூற்பெயர்கள் ரோமன் எழுத்தில் ஆளுக்கொரு விதமாகப் பதியப்பட்டுள்ளன. நெடிலுக்கு ஓர் எழுத்து இட்டும் இரண்டு எழுத்து இட்டும், ழகரத்துக்கு வெவ்வேறு எழுத்துகளை இட்டும் தேடிய பின்னரே நூல் இல்லை என்று முடிவு செய்யலாம். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, றா போன்ற வடிவங்களைக் கணினி தவறாகப் படித்துவிடுவதும் உண்டு. ஆகையால் நூலுக்குள் சொல் தேடுவதைவிட பொருளடக்கத்தைக் கண்ணால் பார்ப்பதே விரைவான வழி.

நூல் கிடைத்ததும் முகப்புப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். சிலவற்றில் ஆங்கில ஆண்டு இராது. 'பிரபவ வருஷம்' என்று மட்டும் இருக்கும். அது 1867–68 ஆகவும் இருக்கலாம், 1927–28 ஆகவும் இருக்கலாம், 1987–88 ஆகவும் இருக்கலாம். அப்போது விலையைப் பாருங்கள். அணாக் கணக்கில் இருந்தால் அது 1957-இல் நயாபைசா வருவதற்கு முந்தியது என்று கொள்ளலாம். அச்சுக்கூடத்தின் பெயரும் பதிப்பு எண்ணும் சேர்ந்து ஆண்டை மேலும் நெருக்கித் தரும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் என் விருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். அறிவியலுக்கு மைக்கேல் பாரடேயின் மெழுகுவர்த்திச் சொற்பொழிவுகள். இலண்டனில் இளையோருக்காக நிகழ்த்தப்பட்டு 1861-இல் நூலான இவற்றில், எரியும் ஒரே ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டு உருகுதல், ஆவியாதல், எரிதல், காற்றின் பங்கு, இறுதியில் நம் மூச்சு வரை பாரடே படிப்படியாகக் கொண்டு செல்கிறார். அவற்றில் சில செய்முறைகளை ஆய்வகம் இல்லாத ஊராட்சிப் பள்ளியிலும் ஆசிரியர் செய்து காட்ட முடியும். அறிபுனைக்கு, வங்காளப் பெண் எழுத்தாளர் ரொக்கேயா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதி 1905-இல் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில் இடம்பெற்ற சுல்தானாவின் கனவு. பெண்கள் ஆளும் அந்நாட்டில் சூரிய வெப்பத்தால் சமைக்கிறார்கள். பலூனில் குழாய்களைப் பொருத்தி வானிலிருந்தே நீரை இறக்கிக்கொள்கிறார்கள். வானம் பார்த்த பூமியில் வாழும் தருமபுரி மாணவிகள் இந்தக் கதையைத் தமிழில் படிக்க வேண்டும். ரொக்கேயா 1932-இல் மறைந்தவர் என்பதால் அதைத் தமிழாக்க எவருடைய இசைவும் தேவையில்லை. வேர்ணின் கடலடிப் பயணக் கதையை எடுப்பவர்கள், 1870-களில் வந்த மெர்சியரின் ஆங்கில ஆக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். அதில் அறிவியல் பகுதிகள் பல வெட்டப்பட்டுள்ளன. வால்ட்டர் என்பவர் செய்த முழுமையான ஆக்கம் குட்டன்பெர்க் தளத்திலேயே இருக்கிறது. படிக்க அதுவே நல்லது. தமிழாக்கி வெளியிட எண்ணினால் பிரெஞ்சு மூலத்துக்கே போக வேண்டும்.

நம் மாவட்டங்களின் மண், பாறை, செடிகொடி பற்றிய பழைய நூல்களைத் தேடுவோர் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற பெயர்களோடு நின்றுவிட வேண்டாம். தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல், கிருஷ்ணகிரி 2004-இல். 1965-க்கு முந்தியவை பெரும்பாலும் சேலம் என்ற பெயரிலோ பாராமகால் என்ற பெயரிலோதான் கிடைக்கும். கிங், புரூஸ் பூட் ஆகிய இருவரும் எழுதி 1864-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை வெளியிட்ட சேலம் பகுதி நிலவியல் அறிக்கை, 1918-இல் ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்ட விவரச்சுவடி (கெசட்டியர்) ஆகிய இரண்டையும் முதலில் எடுங்கள். அரசு வெளியீடுகளுக்கு வெளியான ஆண்டிலிருந்தே 60 ஆண்டு கணக்கிடப்படும் என்பதால் இவற்றில் தடை எதுவும் இல்லை.

படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கும்போது முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயர், அவர் மறைந்த ஆண்டு, மூலப் பதிப்பின் ஆண்டு, மொழிபெயர்த்தவர் பெயர், இறக்கிய தளம் ஆகியவற்றை எழுதிவிடுங்கள். வேறொரு பள்ளியில் அந்தப் படியைக் கையில் எடுப்பவர் மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டியிராது.